இரண்டு பேருக்கு ஒரு ஜீப்

போன வாரம் செவ்வாய்க்கிழமை போடிமெட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, என் மனைவியின் இரண்டு வருடக் கனவை ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தேன்.

"எஸ்தர்... என் முதுகு தாங்காது. இந்தப் பயணம் வேண்டாம்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸைக் கொண்டுபோய், கடைக்காரர் தடுக்கத் தடுக்க, அவளே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கோபம் என்றால் எஸ்தர் பேசுவாள். வருத்தம் என்றால் எதையாவது கழுவுவாள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

என் முதுகைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எலும்புகளுக்கு நடுவே ஒரு தட்டு விலகியிருக்கிறது. இந்த வாராந்திரப் பத்தியில் அதைப் பற்றி நான்கு முறை எழுதியிருக்கிறேன். ஐந்து முறை என்று ஒரு வாசகர் திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி.

எஸ்தரைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வருடம் போடிக்கு மேலே மலைத் தோட்டங்களில் இருக்கும் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு போய் வந்தாள். தோட்ட ஜீப்பில்தான் பயணம். முன்சீட்டு கங்காணிக்கு. மற்றவர்களுக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. அதிலும் பெட்டி வைத்திருப்பவருக்குக் கடைசி இடம், இறங்க வசதியாக.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"முப்பத்தோரு வருசம் இந்த மலைய நான் பின்பக்கமாத்தாங்க பாத்திருக்கேன். ரோடு எங்கிட்டருந்து விலகி விலகிப் போயிக்கிட்டே இருக்கும். ஒரு தடவையாச்சும் அது எனக்கு முன்னால வரணும்."

நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். ஆடு, மாடு, கிணறு, தென்னை என்று முப்பத்து நான்கு வருடம் எண்ணியவன். இதை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் பேசாமல் இருக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் ஆயிற்றே! இமயமலைக்கு நடுவே ஸ்பிட்டி என்று ஒரு பள்ளத்தாக்கு. மரம் கிடையாது. மழை அபூர்வம். ரோடு என்று ஒன்று இருப்பதாக நம்பிக்கொண்டு போக வேண்டும். போடியிலிருந்து போக மட்டும் மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் சொச்சம். அங்கே போகலாம் என்றாள். நாமே வண்டி ஓட்டிக்கொண்டு... நாமே வண்டியில் படுத்துக்கொண்டு... ஜூனில் புறப்பட வேண்டும் என்றாள்.

'நாமே ஓட்டிக்கொண்டு' என்றால் அவள் ஓட்டிக்கொண்டு. நான் ஓட்ட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பேன்.

வண்டி தேடும் படலம் ஆரம்பித்தது. அடடா, எத்தனை யோசனைகள்! புதிதாக வந்திருக்கும் பெரிய வண்டியை வாங்குங்கள், எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார் ஒருவர். வேன் வாங்கிக் கட்டில், சமையல் மேடை எல்லாம் அடித்துக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருவர். எஸ்தர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பேர் தெரியாத ஊர்ல நின்னுபோச்சுன்னா, இத யாரு தொறப்பா?"

கடைசியில் பதினொரு வயதான ஒரு டீசல் ஜீப்பை வாங்கினாள். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. ஒரு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தால் இந்தியாவில் எந்த ஊரிலும் அதைத் திறந்து மூட ஆள் இருக்கிறார்கள். வண்டி வாங்குகிற எல்லோரும் அது எப்படி ஓடும் என்று கேட்கிறார்கள். அது எப்படி நிற்கும் என்று கேட்டவள் எனக்குத் தெரிந்து எஸ்தர் ஒருத்திதான். நான் முதல் முறை அசந்துபோனது அங்கேதான்.

பிறகு மாற்றங்கள். வீடியோக்களைப் பார்த்து நான் ஒரு பட்டியல் போட்டேன். நாற்பத்து மூன்று அயிட்டம். அவள் முப்பத்தொன்றை அடித்தாள். ஆற்றில் இறங்கும்போது இஞ்சினுக்குக் காற்று போக, கூரை உயரத்துக்கு நீட்டிய குழாய் ஒன்று வைக்கிறார்கள் பாருங்கள், அதுவும் போயிற்று.

"குழாய் வைக்கிற அளவுக்கு ஆழத்துல நான் எறங்க மாட்டேன். எறங்கினா நீங்க வண்டிக்குள்ள இருக்க மாட்டீக. அப்பறம் குழாய் யாருக்கு?"

முன்னால் முட்டுவதற்கு இரும்புக் கம்பி? அதைச் சட்டமே தடுக்கிறது. கூரையில் பிரிக்கும் கூடாரம்? அதற்கு ஏணியில் ஏற வேண்டும். என் முதுகு ஏறுமா? தள்ளுபடி. மிச்சம் நின்றவற்றில் முக்கியமானவை: அடிவயிற்றில் கல் படாமல் ஒரு தகடு, நல்ல டயர், இரண்டாவது பேட்டரி, தண்ணீர் கேன்கள், பின்னால் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒரு படுக்கை... பிறகு, ஸ்பிரிங்.

ஸ்பிரிங் வேலை போடியில் சுருளியிடம் போனது. இருபத்தாறு வருடமாகத் தோட்ட ஜீப்புகளுக்கு மட்டுமே வேலை பார்க்கிற மெக்கானிக். ஜீப்பின் ஸ்பிரிங் என்பது சுருள் கம்பி அல்ல. வில்லைப் போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பட்டை கூடினால் கூடுதல் பாரம் தாங்கும்.

சுருளி வண்டியைச் சுற்றி வந்தார். படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தார்.

"எம் மூணு பிள்ளைக்கும் ஊசி போட்டது நர்சம்மாதான் சார். அவகளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? ரெண்டு பட்டை கூடவே ஏத்தித் தாரேன். இமயமலை என்ன, வானத்துக்கே ஓட்டிட்டுப் போகட்டும்."

அன்பாகச் சொன்னார். அன்பாகவே செய்தார். அதுதான் வினை.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. படுக்கை அடிப்பதற்கு முன்னால் போடிமெட்டு வரை ஒரு சோதனை ஓட்டம். மேலே போய் இறங்கியதும் என் முதுகு சரி என்றால் பயணம் உண்டு. தாங்காது என்றால் இல்லை. அவள் மட்டும் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"உங்கள விட்டுட்டா? நிமிசத்துக்கு ஒரு போன் வரும். போன் எடுப்பேனா, ஸ்டீரிங் பிடிப்பேனா?"

ஆக, தீர்ப்பு என் முதுகின் கையில்.

செவ்வாய்க்கிழமை மதியம் புறப்பட்டோம். முந்தல் தாண்டியதும் மலை எழுந்து நிற்கிறது. எழுபது வயதை நெருங்குகிறேன், தினமும் பார்க்கிற மலைதான். ஆனாலும் அடிவாரத்தில் நின்று நிமிர்ந்தால், இதன்மேல் ரோடு போட்டது யார், எந்தத் தைரியத்தில் போட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எஸ்தர் ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங்கை மாவு பிசைவது போல நிதானமாகத் திருப்பினாள். மேலிருந்து வரும் வண்டிக்கு முன்கூட்டியே ஒதுங்கினாள். ஹாரனை வீணாக அடிக்கவில்லை. பத்தாவது வளைவு தாண்டியதும் கீழே பார்த்தேன்... மொத்தச் சமவெளியும் விரித்துப் போட்டது போலக் கிடந்தது. தென்னந்தோப்புகள் பாசி மாதிரி. நடுநடுவே கண்மாய்கள் வெயிலில் தகதகத்தன. எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதுக்கு மேல் போக முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

அழகால் மட்டும் கலங்கவில்லை. வலியாலும்தான்!

ஜீப் துள்ளியது. சின்னக் கல்லுக்கும் துள்ளியது. ரோட்டில் ஒட்டுப்போட்ட இடத்துக்கெல்லாம் எகிறியது. நான் சீட்டை விட்டு எழுந்து, திரும்ப உட்காரும் ஒவ்வொரு தடவையும் அந்த விலகிய தட்டு இன்னும் கொஞ்சம் விலகியது. முதுகில் விழுந்த அடிகளை நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டதால் எண்ண முடியவில்லை. மேலே போய் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்புறம்தான் அந்த டீக்கடை. அந்த வாக்கியம்.

கழுவிய கிளாஸைக் கவிழ்த்துவிட்டு எஸ்தர் ஜீப்பில் ஏறப் போனாள். அப்போது ரோட்டோரத்திலிருந்து ஒரு குரல்.

"நர்சக்கா! யாத்தே, நீங்களா வண்டி ஓட்டுறீக?"

ஏலத்தோட்ட வேலை முடிந்து கீழே போகக் காத்திருந்த பெண்கள். கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. கூப்பிட்டவள் பேச்சியம்மாள். மேலே தோட்டக் குடியிருப்பில் இருந்த காலத்தில் அவளுடைய பிள்ளைகளுக்கெல்லாம் எஸ்தர் எடை பார்த்திருக்கிறாள்.

"எங்க ஜீப்பு ஆக்சில் போயி தோண்டிமலைல நிக்குதுக்கா. ஒரு மணி நேரமா காத்துக் கெடக்கோம். நீங்க என்னடான்னா இம்புட்டுப் பெரிய வண்டில ரெண்டே பேரு ஊர்கோலம் போறீக!"

இன்னொருத்தி என்னை எட்டிப் பார்த்தாள். "இவுகதான் உங்க வீட்டய்யாவா? நீங்க எங்க குடியிருப்புக்கு வரையில போன் பண்ணிக்கிட்டே இருப்பாகளே, அவுகளா?"

சிரிப்பு. நான் டீக்கடைப் பலகையில் எழுதியிருந்த பலகாரப் பட்டியலை ஆழ்ந்து வாசித்தேன்.

"ஏறுங்க எல்லாரும்" என்றாள் எஸ்தர். என் தீர்ப்புக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"எஸ்தர், ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் என்று..." என்றேன். "இன்ஷூரன்ஸ்..." என்றேன். அதற்குள் ஒன்பது பேர் உள்ளே இருந்தார்கள். நான் வாயை மூடுவதற்குள் பதினொன்று. ஜீப் முழுக்க ஏலக்காய் வாசனை. நான் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். முதல் வளைவுக்கு முன்னால் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. ஏறும்போது என்னைக் கூரையில் முட்டவைத்த பள்ளம். கண்ணை மூடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். பள்ளம் பின்னால் போய்விட்டிருந்தது.

அடுத்த வளைவு. அடுத்த பள்ளம். ஜீப் ஒரு தடவை மூச்சு விட்டதுபோல அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான். தொட்டிலை ஆட்டுகிற கை மாதிரி. திரும்பிப் பார்த்தால் பேச்சியம்மாள் பக்கத்திலிருந்தவளின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்! ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆயிரக்கணக்கான அடி வெறும் காற்று. நடுவே, நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்த ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குகிறாள். தினமும் ஏறி, தினமும் இறங்கி... இதையெல்லாம் சாகசப் பயணம் என்று யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

எனக்கு விஷயம் புரிய நான்கு வளைவுகள் ஆயின.

பதினொரு பேர். ஆளுக்கு ஐம்பது என்று வைத்தாலும் ஐந்நூற்று ஐம்பது கிலோ. நாங்கள் ஏற்றப்போகும் படுக்கை, பேட்டரி, தண்ணீர், அடுப்பு எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே தனித்தனியாக எடை போட்டு வைத்திருக்கிறேன். நூற்றெண்பத்தாறு கிலோ. நான்கு பெண்களின் எடைகூட இல்லை. சுருளியின் பட்டைகள் அதற்கெல்லாம் அசையவே அசையாது. பாரம் இருந்தால்தான் வளையும். பாரம் இல்லாவிட்டால் இரும்புத் தூண் மாதிரி நிற்கும். ரோட்டின் அடியை அப்படியே என் முதுகுக்கு அனுப்பும்.

போடிக்கு வெளியே அவர்கள் இப்போது குடியிருக்கும் தெரு முனையில் பதினொரு பேரும் இறங்கினார்கள். அங்கிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். இரண்டிலும் ஜீப் பழையபடி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சந்தேகம் தீர்ந்தது. குறை என் முதுகில் இல்லை.

உடனே சொல்லியிருக்கலாம்தானே?

சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்... சரி, கேளுங்கள். எனக்குப் பயம். மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் பயம். ஆக்சிஜன் குறைந்த மலை, பேர் தெரியாத ஆஸ்பத்திரி, பாஷை தெரியாத டாக்டர். முதுகு என்பது மரியாதையான காரணம். ஸ்கேன் எடுத்துக் காட்டலாம். பயத்துக்கு ஸ்கேன் இல்லை. கிடைத்த நல்ல காரணத்தை எதற்கு நானே கெடுத்துக்கொள்ள வேண்டும்? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் எஸ்தர் போனில் பேசுவது கேட்டது.

"சுருளி, படுக்கை அடிக்க ஆள் வேணாம்னு சொல்லிருங்க. ஆமா... போகல. அய்யாவுக்கு முதுகு முடியல. தோட்டத்துக்கு யாராச்சும் ஜீப்பு கேட்டா குடுத்துரலாம். சும்மா நிக்க வைக்க வேணாம், பாவம்."

'பாவம்' என்று சொன்னது ஜீப்பை. குரலில் என்மேல் ஒரு துளி குறை இல்லை. இருந்திருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் தாங்கியிருப்பேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். சுருளி வாங்குகிற ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்விட வேண்டும்.

"சுருளி, இந்தப் பட்டைகளை எத்தனை பேருக்குக் கணக்குப் பண்ணி வைத்தீர்கள்?"

"பதினாலு பேரு சார்" என்றார் பெருமையாக. "மேல நாலு மூட்டை ஏலக்கா போட்டாலும் அசையாது."

"போகப்போவது இரண்டு பேர்."

"ரெண்டு பேருன்னா?"

"ரெண்டு பேர்தான். நானும் அவளும்."

சுருளி என்னையே பார்த்தார். "இங்கன யாரு சார் ஜீப்புல ரெண்டு பேரு மட்டும் போறாக?"

பிறகு ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பு எம்மேலதான் சார். நர்சம்மாவ ரெண்டு பேருல ஒருத்தரா நெனச்சே பாக்கல. அவகள எப்பப் பாத்தாலும் கூட்டத்துக்குள்ளதான பாத்திருக்கேன்?"

அந்த ஒரு வரிக்காகவே நான் அவ்வளவு தூரம் நடந்தது சரி என்று பட்டது.

மதியம் ஜீப் பட்டறைக்கு வந்தது. எஸ்தரிடம் வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு ராத்திரி மறைத்து வைத்ததையும் சேர்த்து. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

"உனக்கு ஏன் தெரியவில்லை?" என்றேன். "நீதானே ஓட்டினாய்?"

"ஆளு ஏறுனா ஜீப்பு அப்பிடித்தாங்க போகும். எனக்குத் தெரிஞ்ச ஜீப்பெல்லாம் அப்பிடித்தான். அது எனக்கு வித்தியாசமாவே தெரியல."

ஏற்றிய இரண்டு பட்டைகளையும் இறக்க வேண்டும். பழையதிலும் ஒன்றை எடுக்க வேண்டும். சுருளி ஸ்பேனரைப் பிடித்தார், விட்டார், திரும்பப் பிடித்தார்.

"இருபத்தாறு வருசமா ஏத்தித்தான் சார் பழக்கம். எறக்குனதே இல்ல. கை வர மாட்டேங்குது" என்றார். மூன்றாவது பட்டை கழன்று விழுந்தபோது, ஆபரேஷன் முடிந்த டாக்டர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

எனக்கு ஒன்று தோன்றியது. பத்துப் பேர் பாரத்துக்குப் பழகிய பிறகு பாரம் இறங்கினால் இரும்புகூட முரடாகிவிடுகிறது. ஓய்வு பெற்ற ஆண்களும் இப்படித்தானோ? ஆபீஸ், பிள்ளைகள், ஊர்ப் பொறுப்பு எல்லாம் இறங்கிய பிறகும் அதே பட்டைகளோடு விறைத்து நிற்கிறோம். வீட்டில் மிச்சமிருக்கும் ஒருத்தியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறோம். இரண்டொரு பட்டையைக் கழற்ற நமக்கும் ஒரு சுருளி வேண்டும்.

சனிக்கிழமை காலை இரண்டாவது ஓட்டம். படுக்கை இன்னும் அடித்தாகவில்லை. அந்த எடைக்கு அரிசி மூட்டை வைத்து, நூற்றெண்பத்தாறு கிலோவையும் ஏற்றிக்கொண்டு. முந்தலில் மேகம் இறங்கியிருந்தது. வளைவுக்கு வளைவு மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, திரும்ப நுழைந்தோம். பாறையிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி, யோசித்து, ஏறியது. கடைசி வளைவில் மேகம் கிழிந்து கீழே ஒரு துண்டுச் சமவெளி தெரிந்தது. ஒரே ஒரு கண்மாய். அதில் ஒரு துண்டு வானம்.

போடிமெட்டில் ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"முதுகு எப்பிடிங்க இருக்கு?"

"வலிக்குது" என்றேன்.

அவள் கை சாவிக்குப் போனது.

"இரு. இது வண்டி வலி இல்ல. அறுபத்தொம்பது வயசு வலி. வீட்டுல சாய்வு நாற்காலியில உக்காந்தாலும் இதே அளவுதான் வலிக்கும்."

"அப்ப?"

"அப்ப என்ன... ஸ்பிட்டியில வந்து வலிக்கட்டும்."